கூடங்குளத்துக்குப் பயந்து அயடீன் குளிசை போடலாமா?

கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டிருக்கிறேன்.

எழுதியவர் வெள்ளவத்தையில் இருக்கிறார், வயது 29. முதல் பிள்ளை, இப்போது 22 வாரம். பிறந்த ஊர் மன்னார், பேசாலை. எட்டாம் மாதத்தில் தாய் வீட்டுக்குப் போய் அங்கேயே பிள்ளை பெறுவதென்று இரண்டு வீட்டாரும் கதைத்து முடித்திருந்தார்கள். இடையில் மாமியின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்துவிட்டது. கூடங்குளம் அணு உலையில் கசிவாம், இந்தியா மறைக்கிறதாம், மன்னார்க் கடல் மீனைத் தொடக்கூடாதாம், வெடித்தால் ஹிரோஷிமா மாதிரி ஆகுமாம். பேசுவது யார் என்று தெரியாது, ஆனால் "ஒரு டொக்டர் சொன்னது" என்று முடிகிறதாம். (எப்போதும் ஒரு டொக்டர்தான்.) அன்றிலிருந்து மன்னார் என்ற பேச்சையே மாமி எடுக்க விடுவதில்லை, அங்கே போனால் பிள்ளை குறையோடு பிறக்கும் என்று அழுகிறாராம். கணவரோ "அது 250 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு ஒன்றும் வராது" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, ஊருக்கு வந்த ஒருவரிடம் அயடீன் குளிசைப் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார். அதில் தினமும் ஒன்று, மூன்று கிழமையாகப் போடுகிறார். மீனை விட்டு ஒரு மாதம்.

பிள்ளைக்குக் குறை வருமா, மன்னாருக்குப் போகலாமா, குளிசையைப் பிறக்கும் வரைக்கும் போடலாமா என்று மூன்று கேள்வி. அடியில், கூச்சத்தோடு எழுதியது போல, இன்னொன்று: "நாங்கள் சாதாரண ஆட்கள். இதைப் பற்றி யாரிடமாவது கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?"

முதலில் அந்தக் குளிசை

தங்கச்சி, உங்கள் கேள்விகளின் ஒழுங்கை மாற்றுகிறேன், குறை நினைக்க வேண்டாம். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம். குளிசையை இன்றே நிறுத்துங்கள். எடுத்து வைத்துவிட்டேனே, இன்றைக்கு மட்டும் என்று கூடப் போடாதீர்கள்.

பெட்டியில் பொட்டாசியம் அயடைட் 65 மில்லிகிராம் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு குளிசைக்குள் ஏறத்தாழ 50 மில்லிகிராம் அயடீன் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 250 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் கால்வாசி. நீங்கள் போட்டது அதைப்போல 200 மடங்கு, மூன்று கிழமையாக, ஒவ்வொரு நாளும். உங்கள் குசினியில் இருக்கும் அயடீன் உப்பில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் அயடீன் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டரைக் கிலோ உப்பில் இருப்பதை ஒரே வாயில் விழுங்கியிருக்கிறீர்கள். (இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், உப்பைக் கூடச் சாப்பிட்டால் கதிர்வீச்சு தாக்காது என்ற கதைக்கும் பதில் கிடைத்துவிடும். 2011இல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து நடந்தபோது சீனாவில் அப்படி நம்பித்தான் சனம் கடைகளில் உப்பை அள்ளிக்கொண்டு போனது.)

அயடீன் அளவுக்கு மிஞ்சினால் கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி தன் வேலையை நிறுத்தி வைக்கும். பெரியவர்களுக்குச் சில நாட்களில் அது தானாக வழமைக்குத் திரும்பிவிடும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அப்படி இல்லை. பிள்ளையின் தைரொயிட் 12 வாரமளவிலேயே அயடீனை இழுக்கத் தொடங்கிவிடுகிறது, ஆனால் அந்தத் தடையிலிருந்து மீளும் திறமை 36 வாரமளவில்தான் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் தாய் நிறைய அயடீன் எடுத்தால் பிள்ளைக்குத் தைரொயிட் குறைவு வரலாம், கழுத்தில் சுரப்பி வீங்கலாம். மூளை வளர அந்த ஹோர்மோன்தான் வேண்டும். மாமி எதற்குப் பயந்தாரோ அதை, கூடங்குளத்தின் உதவி இல்லாமலே, இந்தப் பெட்டி செய்யக்கூடும்.

பதறாதீர்கள். மூன்று கிழமையில் நிறுத்தினால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஆனால் ஊகத்தில் விட்டுவிடும் விஷயமும் இல்லை. அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் இந்தக் கிழமையே போய், பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டி, எந்தத் திகதியிலிருந்து எத்தனை போட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லி, அதைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். தைரொயிட் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டீ.எஸ்.எச்., ஃப்ரீ டீ4 என்ற இரண்டு இரத்தச் சோதனையும் உங்களுக்குப் பார்க்க வேண்டும். ஸ்கானில் பிள்ளையின் கழுத்தையும் ஒருமுறை கவனிக்கச் சொல்லுங்கள். பிறந்த பின் பிள்ளையின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைரொயிட் பார்ப்பார்கள், எங்கே பெற்றாலும் அதைத் தவறவிட வேண்டாம். கிளினிக்கில் தரும் இரும்பு, போலிக் அமிலம், கல்சியம் எல்லாம் வேறு விஷயம், பயத்தில் அவற்றையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள்.

அண்ணாவுக்கு அது ஏன் கிடைத்தது?

அண்ணாவில் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை, அன்பில்தான் அனுப்பியிருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டி அவர் கைக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசித்தேன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில், பிக்கரிங் அணுமின் நிலையம் 1971இலிருந்து இருக்கிறது. எங்கள் சனம் நிறைந்த ஸ்காபரோ, ஏஜாக்ஸ், மார்க்கம் எல்லாம் அதைச் சுற்றித்தான். நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு அரசாங்க ஏற்பாட்டில் இந்தக் குளிசை முன்கூட்டியே கொடுக்கப்படுகிறது, 50 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் கேட்டால் இலவசமாக அனுப்புவார்கள். 2020 ஜனவரி 12ஆம் திகதி காலை, பிக்கரிங்கில் சம்பவம் என்று மாகாணம் முழுவதும் போன்கள் அலறின, பிறகு அது தவறுதலாகப் போன அறிவித்தல் என்று சொன்னார்கள். அந்தக் காலை நேரத்தை அனுபவித்தவர் யாராக இருந்தாலும் தங்கச்சிக்கு ஒரு பெட்டி அனுப்பத்தான் பார்ப்பார்.

ஆனால் அங்கே அதை வாங்கி அலுமாரியில் வைக்கிறார்கள், யாரும் தினமும் போடுவதில்லை. அது எல்லாக் கதிர்வீச்சுக்கும் மருந்தும் அல்ல. விபத்தில் வெளிவரும் பல பொருட்களில் ஒன்றான கதிரியக்க அயடீன் தைரொயிட்டில் போய்க் குந்தாமல், முதலே அந்த இடத்தை நல்ல அயடீனால் நிரப்பி வைப்பது, அதன் வேலை அவ்வளவுதான். விபத்தில் வெளிவரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்துக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, கதிரியக்க அயடீன் வந்து சேர்வதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்குள், பிந்தினால் வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போடுவது நல்லது, எட்டு மணித்தியாலம் வரைக்கும் பயன் இருக்கலாம், ஒரு நாள் கழித்துப் போட்டால் தீமைதான் கூட. அதுவும் அதிகாரிகள் போடச் சொன்னால். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் திரும்பத் திரும்ப அல்ல. 40 வயது தாண்டியவர்களுக்குப் பயன் குறைவு, ஆகவே மாமிக்கும் ஒன்று கொடுத்துவிடாதீர்கள்.

ஃபுகுஷிமா விபத்து நடந்த 2011 மார்ச்சில் என்னிடம் ஒரு கர்ப்பிணி வந்தார், கழுத்தைச் சுற்றி மண்ணிறம். சங்கிலிக் கறுப்போ, தோல் வருத்தமோ என்று விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டடைன், காயத்துக்குப் பூசும் அயடீன் மருந்து. கழுத்தில் பூசினால் கதிர்வீச்சு தாக்காது என்று போனில் வந்த தகவலைப் பார்த்துத் தடவியிருக்கிறார். அதே நாட்களில் பிலிப்பைன்ஸ் நாட்டில் இதே தகவல் எஸ்.எம்.எஸ். ஆகப் பரவி மணிலாவில் ஒரு பல்கலைக்கழகம் வகுப்பையே நிறுத்தியது என்று பிறகு அறிந்தேன். போனும் மாறிவிட்டது, தகவல் வரும் வழியும் மாறிவிட்டது, செய்தி மட்டும் அதேதான்.

மாமி சொல்வதும் பிழை, கணவர் சொல்வதும் பிழை

கூடங்குளம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டம், கன்னியாகுமரிக்குக் கிட்ட. அங்கிருந்து நேர்கோட்டில் அளந்தால் கற்பிட்டி கிட்டத்தட்ட 225 கிலோமீட்டர், பேசாலை 250, வெள்ளவத்தை 275. மாமி உங்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் வீட்டுக்கும் அவர் பயப்படும் ஊருக்கும் வித்தியாசம் 25 கிலோமீட்டர்தான். கொழும்பிலிருந்து பாணந்துறைக்குப் போகிற தூரம். மன்னார் என்றதும் இராமேஸ்வரம் கண்ணுக்கு முன் வருகிறது, இந்தியா என்றால் எல்லாமே அங்கேதான் இருக்கிறது என்று மனம் நினைத்துக்கொள்கிறது, அதுதான் காரணம்.

குண்டு மாதிரி வெடிக்கும் என்பதும் நடக்காத காரியம். மின்சாரம் எடுக்கும் உலையின் எரிபொருளில் வெடிக்கக்கூடிய யுரேனியம் 5 சதவீதத்துக்கும் குறைவு, குண்டுக்கு அது 90 சதவீதமளவில் வேண்டும். உலையில் நடக்கக்கூடியது வேறு: குளிர்விக்க முடியாமல் போய் எரிபொருள் உருகலாம், ஃபுகுஷிமாவில் நடந்தது போல ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடம் உடையலாம், கதிரியக்கப் பொருட்கள் காற்றில் கலக்கலாம். கூடங்குளத்தில் இப்போது ஓடுவது 1000 மெகாவாட் ரஷ்ய உலைகள் இரண்டு, முதலாவது 2013இலும் இரண்டாவது 2016இலும் இயங்கத் தொடங்கின, மேலும் நான்கு கட்டப்படுகின்றன. செர்னோபிலில் வெடித்த உலையைச் சுற்றி முறையான பாதுகாப்புக் கூடு இருக்கவில்லை. கூடங்குளத்தில் இரட்டைக் கூடு, உருகினால் ஏந்திப் பிடிக்க அடியில் ஓர் அமைப்பு, மின்சாரம் இல்லாமலே வெப்பத்தை வெளியேற்றும் வழி எல்லாம் இருக்கின்றன. அதே தமிழ்நாட்டில், சென்னைக்குக் கிட்ட உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் 2004 சுனாமியின்போது கடல் நீர் பம்பு வீட்டுக்குள் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள்.

இதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டினால் "நான் சொன்னேன்தானே" என்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், அவருக்கும் இருக்கிறது.

1986 ஏப்ரலில் செர்னோபில் வெடித்தது. 2000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வேல்ஸ் நாட்டு மலைகளில் அந்த நாட்களில் மழை பெய்தது. மழையோடு சீசியம் புல்லில் இறங்கியது. அங்கே சில பண்ணைகளில் செம்மறி ஆடுகளை விற்பதற்கு இருந்த கட்டுப்பாடு நீங்கியது 2012இல், 26 வருடத்துக்குப் பிறகு. ஆக, தூரம் மட்டும் ஆளைக் காப்பாற்றாது, காற்று எந்தப் பக்கம் போகிறது, எங்கே மழை பெய்கிறது என்பவையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. எங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அது மன்னார் வளைகுடாவைத் தாண்டி எங்கள் பக்கம்தான் வீசும். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று, அப்போது எதிர்ப்பக்கம். கடல் நடுவில் இருக்கிறது என்பதற்காகக் காற்று நின்றுவிடாது.

அப்படியானால் 250 கிலோமீட்டருக்கு என்னதான் பெறுமதி? நேரம். சர்வதேச அணுசக்தி முகவரகம் இப்படிப் பெரிய உலைகளுக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறது. உடனே ஆட்களை வெளியேற்றுவது 3 முதல் 5 கிலோமீட்டர், அடுத்த அவசர வட்டம் 15 முதல் 30, கண்காணித்துத் தேவைப்பட்டால் இடம்பெயர்க்கும் வட்டம் 100. அதற்கு வெளியே 300 கிலோமீட்டர் வரைக்கும் ஒரு வட்டம், அது சாப்பாட்டுக்கு. பால், கீரை, மழைத்தண்ணீர், திறந்த கிணறு, விற்பனைக்குப் போகும் உணவுப் பொருள், இவற்றைச் சோதித்துப் பார்க்கும் வரை நிறுத்தி வைக்கும் வட்டம். பேசாலையும் வெள்ளவத்தையும் இந்தக் கடைசி வட்டத்துக்குள் வருகின்றன, யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட அதன் விளிம்பில். காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்தாலும் பத்து மணித்தியாலம் ஆகும். ஓடித் தப்ப வேண்டிய தூரத்தில் நாங்கள் இல்லை, கதவு யன்னலைச் சாத்தி வீட்டுக்குள் இருந்து, சொல்லும் வரை ஆட்டுப்பாலையும் முற்றத்துக் கீரையையும் தவிர்க்க வேண்டிய தூரத்தில் இருக்கிறோம். அதுவும் எவராவது நேரத்துக்கு எங்களுக்குச் சொன்னால்தான். அந்த "சொன்னால்" என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பிள்ளைக்குக் குறை வருமா?

இப்போது, விபத்து எதுவும் நடக்காத இந்த நிலையில், கூடங்குளத்தினால் உங்கள் பிள்ளைக்குக் குறை வராது. மன்னாரில் இருந்தாலும் வராது.

கதிர்வீச்சு கருவைத் தாக்காது என்று நான் சொல்லவில்லை. ஹிரோஷிமாவில் 8 முதல் 15 வாரக் கருவாக இருந்து பெரிய அளவில் வாங்கிய பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டது. ஆனால் அது பெரிய அளவு. 100 மில்லிகிரேக்குக் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைந்த அளவில் பிறவிக் குறை கூடியதாகக் காணப்படவில்லை, வயிற்றை ஒருமுறை சீ.டீ. ஸ்கான் செய்தால் கிடைப்பது அதில் பத்தில் ஒன்று இரண்டு பங்குதான். செர்னோபிலில் பிள்ளைகளைப் பெரிதாகத் தாக்கியது பிறவிக் குறை அல்ல, தைரொயிட் புற்றுநோய். அதற்கும் முக்கிய வழி பால். புல்லில் விழுந்த அயடீனை மாடு தின்றது, பாலைப் பிள்ளைகள் குடித்தார்கள், குடிக்க வேண்டாம் என்று அவர்களுக்கு யாரும் நேரத்துக்குச் சொல்லவில்லை. போலந்து அரசாங்கம் விரைவாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயடீன் கொடுத்தது. கதிரியக்க அயடீன் எட்டு நாளில் பாதியாகிவிடும். சில கிழமை பாலை நிறுத்தியிருந்தாலே எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் மாமிக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். செர்னோபில் வெடித்த அந்த வருடம் கிரேக்க நாட்டில் விழுந்த கதிரியக்கம் கருவைப் பாதிக்கும் அளவுக்குக் கிட்டவும் இல்லை. ஆனாலும், குறையோடு பிறக்கும் என்ற பயத்திலும் வைத்தியர்கள் சிலரின் குழப்பமான ஆலோசனையிலும், ஏறத்தாழ 2500 கருக்கள் கலைக்கப்பட்டன என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள். எல்லாம் விரும்பிச் சுமந்த பிள்ளைகள். ஃபுகுஷிமாவிலும், அவசரமாக இடம்பெயர்ந்த அலைச்சலில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு போனதில், அதன் பிறகான வாழ்க்கையில் என்று அந்த மாகாணத்தில் 2000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் முதியவர்கள், இறந்தார்கள்.

மீனைத் திரும்பச் சாப்பிடுங்கள்

பேசாலைப் பிள்ளை ஒரு மாதம் மீன் இல்லாமல் எப்படி இருந்தீர்களோ தெரியாது. 2021இல் இரசாயனப் பொருட்கள் ஏற்றி வந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்தபோது நாங்களும் வீட்டில் கொஞ்ச நாள் மீன் வாங்கவில்லை, டொக்டர் வீடு என்றால் மட்டும் பயம் விடுமா. ஆனால் உங்கள் விஷயத்தில் மீனை விடக் காரணம் இல்லை. வழமையாக ஓடும் அணுமின் நிலையங்கள் கடலுக்கு விடும் நீரில் சிறிதளவு கதிரியக்கம் இருக்கத்தான் செய்கிறது, அதற்கு எல்லை வகுத்து அளக்கிறார்கள். கடல் நீரில் இயற்கையாகவே கதிரியக்கப் பொட்டாசியம் இருக்கிறது, எங்கள் பேருவளைக் கடற்கரை மணலிலேயே தோரியம் இருக்கிறது.

பிள்ளையின் மூளைக்கு மீன் கொழுப்பு வேண்டும், இயற்கையான அளவில் அயடீனும் அதிலிருந்தே கிடைக்கும். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சாளை, நெத்தலி, சூடை, கும்பளா என்று சின்ன மீனாகப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் மீனில் உண்மையாகக் கவனிக்க வேண்டியது பாதரசம். அது பெரிய சுறா, தளபத்து மாதிரி மற்ற மீனைத் தின்று வளர்ந்தவற்றில் கூட. பிள்ளை பெற்ற பிறகு அம்மா சுறா வறை செய்து தருவார், தெரியும். குட்டிப் பால்சுறா என்றால் எப்போதாவது ஒரு நாள் பரவாயில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை.

கேட்க உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. நீங்கள் அடியில் சின்னதாக எழுதிய இந்தக் கேள்விதான் எனக்கு மிகப் பிடித்தது.

குரல் செய்தி பொய் என்பதற்காகக் கவலை பொய் ஆகிவிடாது. கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இடிந்தகரையில் 2011இலும் 2012இலும் மீனவக் குடும்பங்கள் மாதக்கணக்கில் உண்ணாவிரதமும் போராட்டமுமாக இருந்தன, அவர்களில் பலர் மேல் தேசத்துரோக வழக்குக்கூடப் போட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் நிலையத்தை அனுமதித்தபோது 15 நிபந்தனைகளோடுதான் அனுமதித்தது. 2019இல் கூடங்குளத்துக் கணினியில் தீய மென்பொருள் புகுந்ததாகச் செய்தி வந்தது, முதலில் நிலையம் மறுத்தது, அடுத்த நாளே அதை நடத்தும் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகக் கணினி ஒன்றில் மட்டும்தான், உலையை இயக்கும் பகுதிக்குப் பாதிப்பு இல்லை என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் முதல் நாள் மறுத்தவர்களை இரண்டாம் நாள் நம்புவது சனத்துக்குக் கஷ்டம்தான். குரல் செய்திகள் வளர்வது இந்த மாதிரி இடைவெளியில்தான் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் பக்கத்தில் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய நாட்டுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்ற 1986ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்திருக்கின்றன. 2015 பெப்ரவரியில் இரண்டு நாடுகளும் கையெழுத்திட்ட அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பும் அணு விபத்துத் தணிப்பும் அடங்கும். உள்நாட்டில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அணுசக்தி சபை என்றும் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை என்றும் இரண்டு நிறுவனங்கள். சபை ஒருகொடவத்தையில் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் போகலாம். கரையோரங்களில் கதிர்வீச்சை அளந்துகொண்டிருக்கும் நிலையங்களை நடத்துவதும் அவர்களே.

இந்த இரண்டு இடத்துக்கும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டு திரிகிறாரே உங்கள் கணவர், அவரை எழுதச் சொல்லுங்கள், பொருத்தமான தண்டனை. நான் என்றால் இதைத்தான் கேட்பேன்: மன்னாருக்குக் கிட்ட உள்ள அளவை நிலையத்தின் கடந்த ஒரு வருட அளவுகள் என்ன, இந்தியாவிலிருந்து அறிவித்தல் வந்தால் அது எத்தனை மணித்தியாலத்தில், எந்த மொழியில், எப்படிப் பேசாலை மீனவர் வரைக்கும் போகும், அயடீன் குளிசை நாட்டில் கையிருப்பில் இருக்கிறதா, எங்கே, யாருக்கு முதலில் கொடுப்பதாகத் திட்டம். கடைசிக் கேள்வியில் கர்ப்பிணிகள் என்ற சொல்லையும் போடுங்கள். இப்படிப் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு வலைத்தளத்தில் போட்டு வைப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

இடையில் சந்தேகமான செய்தி வந்தால், பகிர முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். மாமியின் போனிலும் அந்த இலக்கத்தைப் பதிந்து விடுங்கள்.

பேசாலையா, வெள்ளவத்தையா?

கூடங்குளத்தை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், 25 கிலோமீட்டரை வைத்து முடிவெடுக்க ஏலாது. மிச்சமிருப்பவைதான் உண்மையான காரணங்கள். பேசாலையிலிருந்து மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர், இரவில் வலி வந்தால் வாகனம் யாருடையது என்று இப்போதே ஒழுங்கு செய்ய முடியுமா? உங்கள் பிரஷர், சீனி, ஸ்கான் எல்லாம் வழமையாக இருக்கிறதா? இந்தத் தைரொயிட் சோதனையில் ஏதும் பிசகு தெரிந்தால், பிறந்ததும் பிள்ளையைப் பார்க்கக் குழந்தை வைத்திய நிபுணர் இருக்கும் இடத்தில் பெறுவது நல்லது, அதை உங்கள் வைத்தியரோடு கதைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து, போவதென்றால், எட்டாம் மாதம் முடியும் வரை நிற்காமல் 34 வாரத்துக்கு முன்பே போய்விடுங்கள். ஏழெட்டு மணித்தியாலப் பயணம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது இறங்கி நடக்க வேண்டும். கிளினிக் கொப்பியோடு போய் அங்கே உள்ள மருத்துவமாதுவிடம் முதல் கிழமையிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

மாமியோடு வாதாட வேண்டாம். இரத்தம் கொடுக்கப் போகிற நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், குளிசைப் பெட்டியை வைத்தியரிடம் அவர் கையாலேயே கொடுக்கட்டும். டொக்டர் ஒருவர் என்ன சொன்னார் என்று இந்தத் தடவை அவரே நேரில் கேட்பார். முடிவு வந்ததும் டீ.எஸ்.எச். எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.